வென்றோமா, தோற்றோமா? கொப்பி சொல்லட்டும்

பொழுது சாய்ந்ததும் முகாம்களிலும் புதிய குடியிருப்புகளிலும் நாலைந்து பேர் வட்டமாக இருந்து கடதாசி விளையாடுவதை நாம் காண்கிறோம். பொழுதுபோக்காக 304 விளையாடுவதைப் பற்றி எமக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை. எமது பேச்சு காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றியது. ரம்மியும், இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பழகிக்கொண்டு வந்து ஆடும் போக்கரும் இதில் அடங்கும்.

இவ்வாறு ஆடுபவர்களைக் குறை கூறுவது இலகு. ஆனால் காணி இருந்த காலத்தில் இறைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று ஓய்வறியாதிருந்தவர்கள் இவர்கள். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. செய்கை இல்லாத கைக்கு வேறு ஏதாவது வேண்டியிருக்கிறது. ஆகவே நாம் இங்கு பிரசங்கம் செய்ய முற்படவில்லை. ஒரேயொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். நீங்கள் உண்மையில் வெல்கிறீர்களா? வெல்கிறீர்கள் என்றால் அதை எப்படி அறிந்துகொண்டீர்கள்?

நாம் அறிந்த குடும்பத் தலைவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "சுவாமி, கூட்டிக் கழிச்சுப் பார்த்தால் நான் வெற்றியிலதான் நிக்கிறன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். ஆனால் அவருடைய மனைவியின் காப்பு அடைவில் இருந்தது. ஒரு கொப்பியைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒவ்வோர் இரவும் கொண்டுபோன காசையும் கொண்டுவந்த காசையும் எழுதும்படி கேட்டோம். மூன்று மாத முடிவில் பார்த்தபோது வென்ற இரவுகள் தோற்ற இரவுகளிலும் பார்க்கக் கூடுதலாகவே இருந்தன. எனினும் மொத்தத்தில் காசு குறைந்திருந்தது. சிறிய வெற்றிகள் பல, பெரிய தோல்விகள் சில. வென்ற இரவுகளை மனம் எண்ணி வைத்திருந்தது, தோற்ற தொகையை மறந்துவிட்டது.

விவசாயிக்கு இது புதிய பாடமல்ல. ஒரு போகம் வெங்காயம் நல்ல விலைக்குப் போனதென்று எந்த அனுபவசாலியும் அடுத்த போகத்துக்கு முழுக் காணியையும் ஈடு வைப்பதில்லை. விதை நல்லதா, மண் நல்லதா, அல்லது அந்த வருடம் மழை உதவியதா என்று பல போகம் பார்த்தே முடிவு செய்வார். தோட்டத்தில் இவ்வளவு நிதானமுள்ளவர், கடதாசியைக் கையில் எடுத்ததும் மூன்று நல்ல இரவுகளைக் கண்டு "எனக்கு ஆட்டம் தெரியும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ஒரு நாணயத்தைப் பத்துத் தரம் சுண்டிப் பாருங்கள். இதில் எந்தத் திறமையும் இல்லை. ஆயினும் 100 பேர் சுண்டினால், அவர்களுள் ஏறக்குறைய 17 பேருக்கு ஏழு தரமோ அதற்கு மேலோ தலை விழும் என்பது கணக்கு. அந்த 17 பேரும் தம்மைத் திறமைசாலிகள் என்று எண்ணினால் நாம் சிரிப்போம். பத்து இரவில் ஏழு இரவு வென்றவரின் நிலையும் இதுவாக இருக்கலாம்.

போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கணக்கு வைத்து ஆடுபவர்கள் தமது இலாபத்தை 100 ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அளப்பார்கள். கடதாசி பிரிக்குமுன் கட்டாயமாக வைக்கவேண்டிய பெரிய பந்தயம் 20 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்துக்குச் சராசரியாக அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 100 ரூபா மிஞ்சினால் அவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே 100 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டும் அவரை 1,600 ரூபா, 2,000 ரூபா என்று மேலேயோ கீழேயோ தள்ளிவிடுவது சாதாரணம். அதனால் 10,000 ஆட்டம் ஆடிய பின்னும் திறமை எது, அதிர்ஷ்டம் எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. 100,000 ஆட்டமளவில்தான் ஓரளவு தெளிவு பிறக்கும். ஒரு மேசையில் மணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டமே ஆடலாம். நாள்தோறும் நாலு மணிநேரம் தவறாமல் ஆடினாலும் இதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் செல்லும். அவ்வளவு காலம் தோல்வியைத் தாங்கும் பணம் எம்மவர் எவரிடம் உண்டு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடம் கொடுப்பவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமக்கென ஒரு பங்கை எடுத்து வைப்பார். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாவுடன் இருக்கிறார்கள், ஆட்டத்துக்கு 10 ரூபா பங்கு எடுக்கப்படுகிறது என்று கொள்வோம். ஓர் இரவில் 120 ஆட்டமானால் 1,200 ரூபா போய்விடும். புதிய காசு வராவிட்டால் ஐந்தாம் இரவு முடியும்போது 6,000 ரூபாவும் அவருடைய பெட்டியில் இருக்கும். யார் வென்றார், யார் தோற்றார் என்ற பேச்சுக்கே அதன்பின் இடமில்லை. தொலைபேசியில் ஆடினாலும் பங்கு எடுக்கப்படுகிறது. எடுக்கும் கை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே "நான் வெல்கிறேன்" என்றால் மற்ற ஆட்டக்காரரிலும் பார்க்கக் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பங்கையும் மிஞ்சி வெல்ல வேண்டும். அப்படி வென்றாலும் அது யாருடைய காசு? எதிரே இருப்பவர் எம்மோடு ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிப்பவர். எமது இலாபம் அவருடைய பிள்ளையின் பால்மா. கத்தோலிக்கத் திருச்சபை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், சூதாட்டம் தன்னளவில் நீதிக்கு மாறானதல்ல என்றே கூறுகிறது. ஆனால் ஒருவருடைய தேவைக்கும் பிறருடைய தேவைக்கும் அவசியமானதை அது பறிக்கும்போது ஏற்கத்தகாததாகிவிடும் என்கிறது. முகாமில் அவசியமானதுக்கு மேலாக எவரிடம் என்ன இருக்கிறது?

விட முடியாதவர்கள் கணக்கையாவது எழுதுங்கள். இருக்குமுன் கொண்டுபோகும் தொகையை எழுதுங்கள். எழும்பியதும் கையிலுள்ளதை எழுதுங்கள். இடையில் வாங்கிய கடனையும் செலவழித்த மணித்தியாலங்களையும் சேருங்கள். பெரிய தோல்வி வந்தால் "இன்றிலிருந்து புதுக் கணக்கு" என்று பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தொலைபேசியில் ஆடும் இளைஞர்கள் திரையில் தெரியும் தொகையைப் பார்க்காமல் வங்கிக்குப் போன காசையும் திரும்பி வந்த காசையும் பாருங்கள். அஸ்வெசும கொடுப்பனவையும் விதைக் காசையும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். கொப்பியை வீட்டில் மனைவியின் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வைக்கத் தயங்கினால் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பொறுப்பு எமக்கும் உண்டு. மாலை நேரத்தில் கூடுவதற்கு வேறு இடமோ வேலையோ இல்லாத இடத்தில் கடதாசியை மட்டும் பழிப்பது நியாயமல்ல. குத்தகைக்கு இரண்டு பரப்புக் காணி எடுத்துக் கொடுப்பதும் சிக்கனக் குழுவொன்றைக் கூட்டுவதும் பங்குகளும் கிராம சங்கங்களும் செய்யக்கூடியவையே.

முன்னர் குறிப்பிட்டவர் ஆட்டத்தை முற்றாக விட்டுவிட்டார் என்று நாம் சொல்லமாட்டோம். காப்பும் இன்னும் மீளவில்லை. ஆனால் "வெற்றியில நிக்கிறன்" என்ற சொல் இப்போது அவர் வாயில் வருவதில்லை. கொப்பியை அவர் இன்னும் எழுதி வருகிறார்.