எட்டு உருப்படிக்கு ஒரே ரசீது



வழக்கமாக இப்பகுதியில் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குப் போகும் பயணம் என்று எழுதி வருகிறேன். இம்மாதம் என் தொழிலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத விஷயம் ஒன்றை எழுதத் துணிகிறேன். கணினியில் இயந்திரம் வரையும் வித்தையைப் பற்றிப் பேசப் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும், நாகபுரியில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் டிப்ளமா முடித்ததும் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு நேர்ந்த சங்கடத்தைச் சொன்னால் மற்றவர்க்கும் பயன்படும் என்பது என் எண்ணம்.

என் தமக்கையின் மகள் சென்ற ஆண்டு திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். ஹிங்கணா தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் வேலை. ஆறு மாதம் பயிற்சிக் காலம். அதன் முடிவில் வேலை நிரந்தரமாக வேண்டும், இல்லையேல் பெட்டி படுக்கையோடு ஊருக்கு ரயில் ஏற வேண்டும். அந்த ஆறாவது மாதத்தில்தான் முதலாளி அவளிடம் கப்பித் தாங்கி ஒன்றின் மாடலைக் கொடுத்தார். அடித்தகடு 1, நிமிர்ந்த தகடு 2, முட்டுத் தகடு 4, தண்டு நுழையும் குழல் 1, ஆக 8 உருப்படிகள் சேர்ந்த அசெம்பிளி அது. அதுவரை தகடுகளை வெட்டி வெல்டிங் செய்து வந்தார்கள். இனி அதை வார்ப்பிரும்பில் ஒரே வார்ப்பாக எடுக்க வேண்டும் என்பது திட்டம். “எட்டையும் ஒரே பார்ட்டாக்கு, பிறகு அளவை மாற்றவும் முடிய வேண்டும்” என்பது முதலாளியின் உத்தரவு.

இதில் இரண்டு கட்டளைகள் இருப்பதைப் பெண் கவனிக்கவில்லை. சாலிட்ஒர்க்ஸில் அசெம்பிளியைத் திறந்து, ‘சேவ் ஆஸ்’ என்பதில் பார்ட் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தாள். எல்லா உருப்படிகளையும் வைத்துக்கொள்வதா, வெளியே தெரிவனவற்றை மட்டும் வைத்துக்கொள்வதா, வெளிப்பரப்பு மட்டும் போதுமா என்று அது கேட்கும். எல்லாம் என்றாள். ஒரு நிமிடத்தில் ஒரு கோப்பு வந்தது. அன்றே வார்ப்படச் சாலைக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அங்கிருந்து பதில் வந்தது. கோப்பு ஒன்றுதான், உள்ளே திண்மங்கள் எட்டாகவே நிற்கின்றன என்றார்கள். மேலும், குழலின் உள்விட்டம் 40 மி.மீ. இருக்கிறது, வார்த்த பின் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால் அதை 34 ஆக்கித் தருக என்றும் கேட்டார்கள். அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். விட்டத்தை எழுதிய கோட்டுப்படமும் இல்லை, அளவும் இல்லை. எட்டு உருவங்கள் மட்டும் ஊமைகள் போல் வரிசையாக நின்றன. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“மாமா, ஒன்றாக்கி விட்டேன் என்று நேற்றே முதலாளியிடம் சொல்லிவிட்டேனே! இப்போது எப்படிச் சொல்வேன்?” என்றாள்.

எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். ஒரு வியாபாரி எட்டு மூட்டை கொண்டுவருகிறார். நான் எட்டுக்கும் சேர்த்து ஒரே ரசீது எழுதுகிறேன். அதனால் மூட்டை ஒன்றாகிவிடுமா? இறங்கும் ஊரில் எட்டாகத்தான் எண்ணி எடுப்பார்கள். நீ எழுதியது ரசீது, அம்மா. மூட்டையை இன்னும் கட்டவில்லை. நாளைக் காலையில் முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி இரண்டு நாள் தவணை கேள் என்றேன். கேட்டாள். அவர் கோபித்தார், ஆனால் தவணை கொடுத்தார்.

அந்த இரண்டு இரவுகளும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைக் கீழே தருகிறேன்.

முதலாவது, திண்மங்களை உண்மையாகவே இணைப்பது. ‘கம்பைன்’ என்ற கருவியில் கூட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தால் பல திண்மங்கள் ஒன்றாகும். ஆனால் அவை பரப்போடு பரப்பு ஒட்டியிருக்க வேண்டும், அல்லது ஒன்றினுள் ஒன்று சற்றுப் புதைந்திருக்க வேண்டும். ஒரு விளிம்பில் மட்டும் தொட்டால் இணையாது. எங்கள் மாடலில் வெல்டிங் இறங்குவதற்கென்று அடித்தகட்டுக்கும் நிமிர்ந்த தகட்டுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியே முதல் இடையூறு. நிமிர்ந்த தகடுகளைக் கீழ்நோக்கி 2 மி.மீ. நீட்டியதும் இணைந்தன.

இணைந்ததா என்று சோதிக்கக் கணக்கு ஒன்று உண்டு. துளைகளையும் முட்டுகளையும் விட்டுப் பாருங்கள். அடித்தகடு 200 × 150 × 12, அதாவது 3,60,000 கன மி.மீ. நீட்டிய நிமிர்ந்த தகடு 100 × 10 × 82, அதாவது 82,000, இரண்டுக்கு 1,64,000. கூட்டினால் 5,24,000. ஒவ்வொன்றும் 1 மி.மீ. புதைந்திருப்பதால் 2,000 கழிந்து 5,22,000 வரவேண்டும். கணினி அதையே காட்டி, திண்மத்தின் எண்ணிக்கையும் 1 என்றிருந்தால் இணைப்பு மெய்.

இரண்டாவது, பின்னால் மாற்றும் வசதி. அதற்கு வழிகள் மூன்று. மூல உருப்படிகளில் திருத்தினால் போதும் என்றால், அசெம்பிளிக்குள்ளேயே ‘ஜாயின்’ செய்யலாம். மூலத்தில் அளவு மாறினால் இணைந்த பார்ட்டும் மாறும். ஆனால் மூலக் கோப்புகளின் பெயரையோ இடத்தையோ தாறுமாறாக மாற்றலாகாது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடிலும் ‘யூனியன்’ செய்தால் மூல உருவங்கள் அதன் கீழேயே பத்திரமாக இருக்கும். 2024ஆம் ஆண்டு வெளிவந்த அதன் 1.0 பதிப்பில் அசெம்பிளி செய்யும் வசதியும் சேர்ந்திருப்பதால், வீட்டில் பழகும் பிள்ளைகளுக்கு அது நல்ல துணை.

மூலம் கைவிட்டுப் போயிருந்தால், பரப்பையே பிடித்து நகர்த்தும் கருவியும், பரப்பை நீக்கித் துளையை மூடும் கருவியும் உதவும். சிறு திருத்தங்களுக்கு இது போதும். 1994இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த ‘ஸ்டெப்’ வகைக் கோப்பில் வரும் மாடலுக்கும் பெரும்பாலும் இதுவே கதி. அது உருவத்தைக் கொண்டுவருமேயன்றி உருவான வரலாற்றைக் கொண்டுவராது.

மூன்றாவது வழி, புதிதாக வரைவது. செய்முறையே மாறும்போது இதுவே உத்தமம். வார்ப்புக்கு, மாதிரி மணலைக் கிழிக்காமல் வெளிவரச் சுவர்களில் 1 முதல் 3 பாகை வரை சரிவு வேண்டும். உள்மூலைகளில் வளைவு வேண்டும். தடிமன் திடீரென்று மாறலாகாது. சாம்பல் வார்ப்பிரும்பு குளிரும்போது நீளத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அந்தக் கணக்கை மாதிரி செய்பவர் பார்த்துக்கொள்வார். இவற்றையெல்லாம் தகடுகளின் மேல் ஒட்டுப்போட முடியாது. ஆகவே இணைத்த திண்மத்தை அடியில் நிழலாக வைத்துக்கொண்டு, அதன் மேல் அளவுகளோடு புதிய பார்ட்டை வரைந்தாள் எங்கள் பெண். விட்டத்தை 34 என்று எழுதியதும் குழல் தானே மாறியது. அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

பலவற்றை ஒன்றாக்குவது வீண் வேலையன்று. நம் சரக்கு வண்டிகளின் காஸ்நப் போகியில் பக்கச் சட்டங்கள் வார்ப்பெஃகால் ஆனவை. 2016இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில் எரிபொருள் தெளிக்கும் முனை, முன்பு சுமார் 20 உருப்படிகளாக இருந்தது, அச்சிட்ட ஒரே உருப்படியாயிற்று. இணைப்புகள் குறைந்தால் விரிசல் காணும் இடங்களும் குறையும்.

ஆனால் ஒன்று. பழைய அசெம்பிளியை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஒன்றான பொருளைப் பார்த்து, அது எவ்வெவற்றால் ஆனது என்று பின்னால் எவரும் சொல்ல முடியாது. எங்கள் பெண் பழைய கோப்பை வேறு பெயரில் வைத்திருந்ததால்தான் இரண்டு இரவில் தப்பினாள்.

மூன்றாம் நாள் மாடல் போயிற்று. முதலாளி பாராட்டவில்லை, அடுத்த வேலையைக் கையில் கொடுத்தார். மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவு வந்தது. அதைத் தமக்கைக்குப் போனில் படித்துக் காட்டினோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வேலையில் ஐயம் இருந்தால், ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நான் காப்பி கொடுப்பேன். பாடம் அவள் சொல்லுவாள்.