பல்பு வாங்கிய படலமும் ஆயி மண்டபமும்

ரெண்டு வருஷமா எங்க வீட்டுல எனக்குப் பொண்ணு தேடுறாங்க. நடுநடுவுல அவங்களுக்குத் தெரியாம நானும் தேடுறேன். இதுவரைக்கும் வாங்கின பல்புகளைச் சேர்த்து மாட்டினா நேரு வீதி முழுக்க வெளிச்சம் குடுக்கலாம். :-)

முதல் பல்பு பிரெஞ்சு பல்பு. தரகர் வந்தார், ஜாதகம் வாங்கினார், சம்பளம் கேட்டார். சாஃப்ட்வேர்னு சொன்னதும் தலையாட்டிட்டு, "பையனுக்கு பிரெஞ்சு குடியுரிமை இருக்குங்களா?"ன்னார். வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. எங்க ஊர் 1954 நவம்பர் 1-லயே இந்தியா கைக்கு வந்துடுச்சு. ஆனா சட்டப்படி ஒப்படைச்சு முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16. அன்னைக்கு இங்க பிறந்து இங்கயே இருந்தவங்க இந்தியர் ஆயிட்டாங்க. "வேணாம், நான் பிரெஞ்சாவே இருக்கேன்"னு நினைச்சவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். அப்படி எழுதிக் குடுத்த குடும்பங்களுக்கு கல்யாண மார்க்கெட்டுல இன்னைக்கும் தனி மவுசு. எங்க தாத்தா அந்த ஆறு மாசமும் மில்லுல ஷிப்டுக்குப் போயிட்டு வந்து தூங்கியிருக்கார் போல. அவர் போடாத ஒரு கையெழுத்தால அறுபது வருஷம் கழிச்சு பேரனுக்கு பஜ்ஜி கூட கிடைக்கல. அவ்வ்வ்!

இதை நான் ஆபீஸ்ல பத்து தடவையாவது சொல்லிச் சிரிச்சிருப்பேன். யாருக்கும் நஷ்டமில்ல. தாத்தா இருந்திருந்தா அவரும் சேர்ந்து சிரிச்சிருப்பார்.

அடுத்தது தான் மேட்டர்.

ஆப்ல பழக்கமான ஒரு பொண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காந்தி சிலைகிட்ட சந்திக்கிறதா ஏற்பாடு. சாயங்காலம் ஆனா பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம்னு கணக்கு. ஆனா ஞாயித்துக்கிழமைங்கிறதை மறந்துட்டேன். பாதி சென்னை அங்க தான் நின்னுட்டிருந்துச்சு. கூட்டத்துல பேச முடியாம பாரதி பூங்காவுக்கு நடந்தோம். வழியெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கிட்டதையும், அதை நான் ஒத்தை ஆளா எழுப்பினதையும் விளக்கினேன். அவங்க "ம்"னாங்க. ஆர்வமா கேக்குறாங்கன்னு நினைச்சேன். (கல்யாணமான நண்பன் ஒருத்தன் அப்புறமா அந்த "ம்"முக்கு அர்த்தம் சொன்னான்.)

ஆயி மண்டபத்துக்கு முன்னாடி உக்காந்ததும் அடுத்த பில்டப். "இது பிரெஞ்சுக்காரன் ஏதோ போர்ல ஜெயிச்சதுக்குக் கட்டினது"ன்னு அடிச்சு விட்டேன். அவங்க நிதானமா, "இல்லைங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. விஜயநகர ராஜா ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தப்ப, விளக்கு வெளிச்சத்துல ஒரு மாளிகையைப் பார்த்து கோயில்னு நினைச்சுக் கும்பிட்டாராம். அது ஆயிங்கிற தாசியோட வீடுன்னு தெரிஞ்சதும் அவமானமாப் போயி, இடிக்கச் சொல்லிட்டாராம். ஆயி தானே வீட்டை இடிச்சு, அந்த இடத்துல ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பல நூறு வருஷம் கழிச்சு, மூன்றாம் நெப்போலியன் காலத்துல, முத்திரப்பாளையத்துலேர்ந்து டவுனுக்குத் தண்ணி கொண்டு வந்தப்ப அவ ஞாபகமா எழுப்பினது இந்த மண்டபம்.

புதுச்சேரி அரசு சின்னத்துல இருக்கிற மண்டபம். பிறந்ததுலேர்ந்து ரேஷன் கார்டுல பார்த்த படம். எனக்குத் தெரியல. மெகா பல்பு.

இதை அப்படியே சொல்லியிருந்தா நல்ல காமெடி. நான் சொல்லல. மறுநாள் நண்பர்கள் வாட்ஸப் குரூப்ல நான் எழுதினது வேற கதை. "ஒரு டீச்சரம்மாகிட்ட மாட்டிக்கிட்டேன்டா, பூங்காவுல உக்கார வெச்சு ஹிஸ்டரி கிளாஸ் எடுத்துடுச்சு"ன்னு. நாப்பது சிரிப்பு பொம்மை விழுந்துச்சு. சர்வர் கதையைப் பத்தி அதுல ஒரு வரி கூட இல்ல.

புதுச்சேரி எவ்ளோ சின்ன ஊர்னு உங்களுக்குத் தெரியும். குரூப்ல ஒருத்தனோட அத்தை பொண்ணுக்கு இவங்க க்ளாஸ்மேட். மூணாவது நாள் எனக்கு ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு. "தப்பா கும்பிட்டது ராஜா. வீடு போனது ஆயிக்கு. கதையை கவனிச்சுக் கேட்டீங்கன்னு நினைச்சேன்." மன்னிப்பு கேட்டு அனுப்பினேன். ஒத்தை டிக்கோட நிக்குது.

சொதப்பின சந்திப்பை வெச்சு சிரிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. சிரிக்கலைன்னா இந்தத் தேடலைத் தாங்கவே முடியாது. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? பையன் பத்து பொண்ணு பார்த்தா அது காமெடி. பொண்ணை பத்து பேர் பார்த்துட்டுப் போனா "என்ன குறையோ". அவங்ககிட்டயும் கதை இருக்கும், நம்ம கதையை விட சூப்பரா. உளறின மாப்பிள்ளை, அம்மா முகத்தைப் பார்த்தே பதில் சொன்ன மாப்பிள்ளை, சர்வரை எழுப்பின மாப்பிள்ளை. சபையில சொல்ல முடியாது. சொன்னா அடுத்த வரன் வராது. நாம சொல்ற கதையை அந்தப் பொண்ணு பக்கத்து சேர்ல உக்காந்து கேட்டா சிரிக்குமா? என் பிரெஞ்சு கதைக்கு சிரிக்கும். டீச்சரம்மா கதைக்கு? குரூப்ல போய் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்த தடவை மூணு பொம்மை தான்.

போன வாரம் அம்மாவோட அந்தப் பூங்கா வழியா வந்தேன். "அம்மா, இந்த மண்டபம் எதுக்குன்னு தெரியுமா?"ன்னேன். "ஆயி கதை தானே? நீ ரெண்டாவது படிக்கறப்ப இங்கயே உக்கார வெச்சு சொன்னேன். நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுதுட்டிருந்த"ன்னாங்க.

டிஸ்கி: வர்ற ஞாயித்துக்கிழமை லாஸ்பேட்டையில ஒரு வீட்டுக்குப் போறோம். சர்வர் பத்திப் பேசக்கூடாதுன்னு அப்பா உத்தரவு.