ஊருக்கே தெரிந்த எண்ணுக்கு விலை ஏது?

2024 அக்டோபரில் ஒரு ராட்சசப் பகா எண்ணை அறிவிச்சாங்க. அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் விடப் பெரிசு. 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழிச்சா வருவது. மொத்தம் 4,10,24,320 இலக்கம். கண்டுபிடிச்சவர் லூக் டுரான்ட்.

இப்படி ஒரு எண் வந்தாலே, "இனி பேங்க் கணக்கு இன்னும் பத்திரம்" என்று யாராவது ஆரம்பிச்சிடுவாங்க. இல்லவே இல்லைங்கறதுதான் என் கட்சி.

எங்க போடியில் ஏலக்காய் பருமனா இருந்தா ஏலத்தில் கூடுதல் விலை. அதே கணக்கை எண்ணுக்கும் போட்டா தப்பாயிடும்.

ஏன்னு பார்ப்போம். 89-ஐ 97-ஆல் பெருக்கச் சொன்னா அரை நிமிஷத்தில் 8633 வந்துடும். வெறும் 8633-ஐக் கொடுத்து, எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினதுன்னு கேட்டா? 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணா வகுத்துப் பார்க்கணும். 24-ஆவது தடவைதான் 89 சிக்கும். இணையப் பாதுகாப்பில் பரவலா இருக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையின் அடிப்படை இந்தச் சிரமம்தான். அதில் சுமார் 300 இலக்கமுள்ள ரெண்டு பகா எண்களைப் பெருக்குவாங்க. பெருக்கி வந்ததை யாரும் பார்க்கலாம், அந்த ரெண்டு மட்டும் ரகசியம். ஊர் உலகத்துக்கே தெரிந்த எண்ணை வெச்சு எப்படிப் பூட்டுவது? :-)

ரகசிய எண்களுக்குப் பஞ்சமும் இல்லை. அந்த அளவில் சராசரியா 700 எண்ணுக்கு ஒன்று பகா எண். ஒரு எண் பகா எண்தானா என்று சோதிப்பதும் சுலபம். எந்த எண்ணையும் ஊகம் கலக்காமல் வேகமா சோதிக்க முடியும்னு 2002-ல் ஐ.ஐ.டி. கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா நிரூபிச்சாங்க. பின்னவங்க ரெண்டு பேரும் அப்போதான் பி.டெக். முடிச்சிருந்தாங்க! ஆனா அந்தச் சோதனை "இது பகா எண் இல்லை" என்று சொன்னாலும், காரணிகள் எவைன்னு சொல்லாது.

1977-ல் சவாலா விட்ட 129 இலக்க எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிக்க 1994 வரை ஆச்சு. அதுக்கும் சுமார் 600 பேர் தங்கள் கணினிகளை மாசக்கணக்கில் ஓடவிட வேண்டியிருந்தது. இப்போ வழக்கத்தில் இருப்பது 617 இலக்கம்.

அப்போ பணம் எப்படித் திருடு போகுது? இந்தப் பூட்டை உடைச்சு இல்லை. போனில் "பேங்க்ல இருந்து பேசறோம்" என்றதும் நாமளே ஆறு இலக்க ஓ.டி.பி.யைச் சொல்லிடறோம். காய் விற்ற பணம் கணக்கில் ஏறும் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இதை யார் சொல்வது? காமர்ஸ் படிக்கிற நாமதான் சொல்லணும். எண் பெரிசா சின்னதாங்கறது அவங்களுக்கு வேண்டாம். அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு தெரிஞ்சா போதும்.