ஏழு அங்குலச் சிவப்பு விமானம்



சுனாபட்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள ஒரு சாளுக்கு, சென்ற ஜூலை மாத மழையில் குடை பிடித்துக்கொண்டு போயிருந்தேன். அந்தக் குடும்பத் தலைவர் நாசரேத் பக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் மும்பை வந்தவர். குர்லாவில் ஒரு கேரேஜில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறவில்லை. முடிவு வெளியான நாள் முதல் தகப்பனார் அவனோடு பேசுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் இரண்டு மாதமாக இருவர் பேசாமல் வாழ்வது எப்படி என்று கேட்காதீர்கள். நம் மும்பையில் அதுவும் நடக்கிறது. தாயார்தான் என்னை வரச்சொல்லியிருந்தார்கள்.

"பாஸ்டர், படிக்கவும் இல்லை, வேலை தேடவும் இல்லை. பஹ்ரைனிலிருந்து என் தம்பி கொண்டுவந்த பிளாஸ்டிக் விமானத்தை ராத்திரியெல்லாம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்" என்றார்கள்.

தகப்பனார் கட்டிலில் அமர்ந்து செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆலோசனை சொல்லத்தான் போயிருந்தேன். ஆயினும் அந்தச் சூழலில் எனக்கு வார்த்தை எழவில்லை. ஆகவே, "தம்பி, இது என்ன விமானம்?" என்று மட்டும் கேட்டேன். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்தான்.

அது 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் பந்தயத்துக்கென்றே கட்டிய டிஎச் 88 காமெட் விமானத்தின் மாதிரி. உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. மெய்யான சிறகின் விரிவு 44 அடி. இவன் கையிலிருந்தது ஏறத்தாழ ஏழு அங்குலம். மெல்பர்ன் நகரம் நிறுவப்பட்ட நூற்றாண்டு விழாவுக்காக மக்ஃபர்சன் ராபர்ட்சன் என்ற மிட்டாய் வியாபாரி பரிசு அறிவித்தார்: இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு முதலில் பறந்து வருகிறவருக்குப் பத்தாயிரம் பவுன். அதற்காக ஒரே ஆண்டில் வரைந்து, மரத்தாலேயே கட்டி, செப்டம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்டு, அக்டோபரில் பந்தயத்தில் இறக்கினார்கள். மூக்கிலும் உடலிலும் பெட்ரோல் தொட்டிகள். விமானிகள் இருவரும் வெகு பின்னால், ஒருவர் பின் ஒருவராக அமரவேண்டும். முன்னே சரியாகத் தெரியாது.

"இதைக் கேளுங்கள் ஐயா. விமானம் கிளம்பும்முன் காற்றாடியின் கோணத்தைச் சரிசெய்ய, சைக்கிள் பம்பால் காற்றடிப்பார்களாம்" என்றான்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. ஆனால் நாங்கள் மூவரும் அதைக் கேட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் போகுமுன் நானும் அந்தப் பந்தயத்தைக் குறித்துச் சற்று வாசித்துவிட்டுப் போனேன். 1934 அக்டோபர் 20ஆம் தேதி இங்கிலாந்தின் மில்டன்ஹால் தளத்திலிருந்து இருபது விமானங்கள் புறப்பட்டன. பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லவில் ஆகிய ஐந்து இடங்களில் எல்லோரும் கட்டாயம் இறங்கவேண்டும். ஆம், நம் அலகாபாத்தே! அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1932 அக்டோபர் 15இல், ஜே.ஆர்.டி. டாட்டா இதே நிறுவனத்தின் சிறிய பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து நம் ஜுஹுவுக்குத் தபால் கொண்டுவந்து இறக்கினார்; அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்.

பந்தயத்தில் மூன்று காமெட்டுகள் பறந்தன. கறுப்பு நிறத்தில் இருந்ததை ஜிம் மாலிசனும் அவர் மனைவி ஏமி ஜான்சனும் ஓட்டினார்கள். 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் இந்த ஏமிதான். கராச்சி வரை அவர்களே முன்னணியில் இருந்தார்கள். அங்கிருந்து அலகாபாத்திற்குக் கிளம்பியவர்கள் வழிதவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். அங்கே விமானப் பெட்ரோல் இல்லை. பேருந்துக்கு ஊற்றும் பெட்ரோலையே வாங்கி ஊற்றிக்கொண்டு பறந்தார்கள். எஞ்சின் கெட்டது. அலகாபாத்தோடு அவர்களுடைய பந்தயம் முடிந்தது.

இதை மகனுக்குத்தான் சொன்னேன். பதில் கட்டிலிலிருந்து வந்தது. "பின்னே? அந்த எஞ்சினுக்கு அந்தப் பெட்ரோல் தாங்குமா? பிஸ்டன் போயிருக்கும்" என்றார் தகப்பனார். மகன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

வென்றது சிவப்பு நிறக் காமெட். ஸ்காட், கேம்ப்பெல் பிளாக் என்ற இருவர், ஒரு எஞ்சின் தொல்லை கொடுத்தபோதும், 71 மணி நேரத்தில் மெல்பர்ன் சேர்ந்தார்கள். அதற்குப் பணம் போட்டவர் லண்டனில் கிராஸ்வெனர் ஹவுஸ் என்ற ஹோட்டலின் நிர்வாகி. ஹோட்டலின் பெயரையே விமானத்துக்கும் சூட்டினார்கள். அதே விமானம் இன்றும் இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் இருக்கிறது. பஹ்ரைன் மாமா கொண்டுவந்த பெட்டியும் அந்தச் சிவப்பு விமானத்தினுடையதே.

ஒட்டும் வேலை முடிந்திருந்தது. கண்ணாடி மூடியை மாத்திரம் அவன் ஃபெவிகாலால் ஒட்டியிருந்தான். பிளாஸ்டிக் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி மங்கிவிடுமாம். அடுத்தது பெயிண்ட். மகன் ஒரு சிறிய டப்பா சிவப்பும் ஒரு தூரிகையும் வாங்கி வைத்திருந்தான். தகப்பனார் எழுந்து வந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தார். "இதன்மேல் நேராகச் சிவப்பு அடித்தால் செங்கல் மாதிரி இருக்கும். சிவப்பு எளிதில் மூடாது. அடியில் வெள்ளை வேண்டும்" என்று, மகனைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் கேரேஜிலிருந்து பிரைமரும் தின்னரும் கொண்டுவந்து, மகன் உறங்கும்போது தாமே வால் பகுதியில் அடித்தும்விட்டார்.

காலையில் வால் சுருங்கியிருந்தது. காரின் தகட்டுக்கென்று செய்த தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். முப்பது ஆண்டு தொழில் செய்தவருக்கு அது தோன்றவில்லை. மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்விட்டான். இரவு அவன் திரும்பியபோது தகப்பனார் விழித்திருந்து, "தப்பு என்னுடையதுதான். வெட்டிப்போட்ட துண்டில் முதலில் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றாராம். பதினெட்டு வருடத்தில் அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று மகன் பிற்பாடு என்னிடம் சொன்னான். பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு மூன்று வாரம் வேலை நடந்தது. வாலுக்குப் புட்டி வைத்து, காய்ந்தபின் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்து உருவம் கொடுத்தார்கள். தின்னருக்குப் பதிலாக டர்பென்டைனில் கலக்கும் எனாமல் வாங்கி, பெட்டியில் மிஞ்சிய துண்டுகளில் அடித்துப் பார்த்தார்கள். ஞாயிறு மாலையில், கேரேஜ் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அங்கே சிறிய கன்னால் வெள்ளை இரண்டு பூச்சு, சிவப்பு நான்கு பூச்சு. மழைக்காலத்தில் எனாமல் லேசில் காயாது. ஒவ்வொரு பூச்சுக்கும் நாட்கணக்கில் காத்திருந்து, தூசு படாமல் சோற்றுப் பானையின் மூடியால் மூடிவைத்தார்கள். இடையில் ஒருநாள் பானைக்கு மூடி இல்லையே என்று சகோதரி சண்டை பிடித்ததாகவும் கேள்வி. மொத்தமாக ஒரே பூச்சு அடித்தால் வழிந்துவிடும், மெல்லிய பூச்சுகளாகவே ஏற்றவேண்டும் என்று கன்னை மகன் கையில் கொடுத்துப் பழக்கினார். இந்தத் தொழில் தம் பிள்ளைக்கு வேண்டாம் என்பதற்காகவே அவனை இதுவரை கேரேஜ் வாசலை மிதிக்கவிடாதவர் அவர்.

கடைசியில் எழுத்துகள். ஸ்டிக்கர் தாளைத் தண்ணீரில் நனைத்தால் எழுத்து நழுவி வரும். பளபளப்பான மேற்பரப்பில்தான் அது நன்றாகப் படியும். சொரசொரப்பாக இருந்தால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மின்னும். வாலில் 34 என்ற பந்தய எண்ணை ஒட்டும்போது தகப்பனாரின் கை நடுங்கியது. அதனால் மகனே ஒட்டினான்.

அக்டோபரில் மறுபடி போனேன். விமானம் டிவியின்மேல் இருந்தது. பையன் விட்ட இரண்டு பாடங்களை மறுபடி எழுத மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறான். சனிக்கிழமைகளில் கேரேஜுக்குப் போகிறான். அதைக் குறித்துத் தாய்க்கும் தகப்பனுக்கும் இன்னும் ஒருமனம் இல்லை. நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், தகப்பனார் விமானத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, இடது சிறகின் அடியை எனக்குக் காட்டினார்.

"இங்கே கொஞ்சம் பெயிண்ட் வழிந்திருக்கிறது பாஸ்டர்."

"அது நீங்கள் அடித்த பக்கம் அப்பா" என்றான் மகன்.