எங்கட ஆள் எண்டதுக்காக 'ஏ.ஐ.எம்.' நல்ல அல்பம் ஆகிவிடாது

எம்.ஐ.ஏ. எண்ட மாதங்கி அருள்பிரகாசத்தின் ஆறு அல்பங்களையும் வரிசைப்படி கேட்டு முடித்தோம். 2005இல் வந்த 'அருளர்' தொடக்கம் 2022இல் வந்த 'மாதா' வரைக்கும். இதில் எங்களை ஏமாத்தினது 2016இல் வெளியான 'ஏ.ஐ.எம்.' தான். அகதி வாழ்க்கையை நேரடியாகப் பேசுற அல்பம் அது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து, பிறகு லண்டனுக்கு அகதியாகப் போனவருக்கு இதைவிட நெருக்கமான விஷயம் வேற என்ன? அதனால்தான் ஏமாற்றமும் பெரிசு.

2007இல் வந்த 'கலா'வை எடுங்கோ. அமெரிக்க விசாச் சிக்கலால் இந்தியா, டிரினிடாட் எண்டு அலைந்து செய்த அல்பம். அந்த அலைச்சல் இசைக்குள்ளேயே கேட்கும். 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமி மேளம் அலங்காரத்துக்கு வரவில்லை, பாட்டே அதில்தான் ஓடுது. 'பேப்பர் பிளேன்ஸ்' குடியேறிகளைப் பற்றி விளக்கம் குடுக்காது. துப்பாக்கிச் சத்தத்தையும் காசுப்பெட்டிச் சத்தத்தையும் கோரஸுக்குள் வைத்து, குடியேறிகளைக் கண்டு பயப்படுறவர்களை நக்கலடிக்கும்.

'ஏ.ஐ.எம்.'இல் இருக்கிற 'போர்டர்ஸ்' எல்லை, அரசியல், அடையாளம் எண்டு பெரிய சொற்களை அடுக்கி, ஒவ்வொண்டுக்கும் பின்னால் ஒரே கேள்வியைக் கேட்குது. வேலியில் ஏறுற, படகில் நெருக்கியடித்து இருக்கிற சனத்தைக் காட்டும் அதின்ர வீடியோ மனதை உலுக்கும். வீடியோவை மூடிப்போட்டுப் பாட்டை மட்டும் கேட்டால் சொற்பட்டியல்தான் மிஞ்சும். 'பேர்ட் சோங்'இல் இளையராஜாவின் பழைய பாட்டொன்றின் துண்டு சுத்திச் சுத்தி வருது. அதுக்கு மேலே பறவைப் பெயர்களை வைத்துச் சிலேடை. பாட்டு முடிய முதலே அலுத்துப்போகுது.

"அவ எங்கட பிரச்சினையை உலகத்துக்குச் சொன்னவ, குறை சொல்லலாமோ?" எண்டு சிலர் கேட்பினம். சொல்லத்தான் வேணும். 2009இல் வாய் திறந்து பேசினவ எண்ட மரியாதை வேற, பாட்டு வேற. விஷயம் சரியாக இருந்தால் படைப்பும் நல்லது எண்டு நினைக்கிற பழக்கம் எங்கட சூழலில் கனக்க இருக்கு. போரைப் பற்றின குறும்படம், முகாமைப் பற்றின கவிதை எண்டால் கைதட்டல் உடனே வந்துவிடும். அதை எப்பிடிச் செய்திருக்கினம் எண்டு ஆரும் கேட்கிறதில்லை. கேட்காட்டில் அடுத்த படம் எப்பிடித் திருந்தும்?

புதுசாகக் கேட்கத் தொடங்கிறவை 'கலா'வில் தொடங்குங்கோ. பிறகு 2010இல் வந்த 'மாயா'. ட்றில் மெஷின் சத்தத்தையே தாளமாக்கின 'ஸ்டெப்பின் அப்' அதில்தான் இருக்கு. 'ஏ.ஐ.எம்.'ஐக் கடைசியாகக் கேளுங்கோ. கேட்டிட்டு எங்களோட சண்டைக்கு வாங்கோ.