யாருடைய படை?

கூலி பெறுவதனால் மட்டும் ஒரு வேலை உயர்தொழில் ஆகிவிடாது. வைத்தியமும் சட்டமும் உயர்தொழில்களாக மதிக்கப்படுவதற்குக் காரணங்கள் நான்கு: தகுதி நோக்கிச் சேர்த்தல், முறையான பயிற்சி, பிறர் காணாவிடத்தும் காக்கப்படும் ஒழுக்கம், தவறியவனை நம்மவன் என்று பாராது விலக்கும் துணிவு. இராணுவ சேவையும் ஓர் உயர்தொழிலே என்கின்றனர். அவ்வாறாயின் இந்நான்கு கொண்டும் அதனை உரைத்துப் பார்க்கும் உரிமை வரி செலுத்தும் குடிமக்கள் அனைவர்க்கும் உண்டு.

போரை நடத்தும் தளபதியின் பெயரை நாடறியும். ஆட்சேர்ப்பு, பதவியுயர்வு, விடுமுறை, தண்டனை, இறந்தவன் குடும்பத்துக்கான உதவி ஆகியவற்றுக்குப் பொறுப்பான ஆளணி அதிகாரிகளின் பெயரை எவரும் அறியார். ஆயினும் ஒரு படையின் குணத்தை ஆக்குபவர் இவர்களே. எவனைச் சேர்ப்பது, எவனை உயர்த்துவது, எவனை விலக்குவது என்னும் தீர்மானங்கள் இவர்களுடைய மேசையிலேயே பிறக்கின்றன.

இலங்கை இராணுவம் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி தோன்றியது. முதலிரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். இன்றைய இளைஞனுக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். தோன்றுவது அவன் குற்றமன்று.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 ஏப்ரிலில் சத்தியாக்கிரகத்தை அடக்க அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்திலே இராணுவம் ஏவப்பட்டது. தமிழரசுக் கட்சித் தலைவர்கள் பனாகொடை முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். 1962 சனவரியில் உயர் உத்தியோகத்தர் சிலரது சதி முயற்சி வெளிப்பட்டது. படையினர் அரசைக் கவிழ்க்க முயல்வதைச் சனநாயகவாதி எவனும் ஏற்கான். அதற்கு மருந்து சட்டமும் ஒழுக்கமுமே. அரசோ நடந்து முடிந்த செயலுக்குப் பின்னர் தனிச்சட்டம் இயற்றித் தண்டிக்க முற்பட்டது. அச்சட்டம் நீதித்துறையின் அதிகாரத்திலே கைவைப்பது என்று கூறி, 1965இல் பிரிவிக் கவுன்சில் தண்டனைகளை நீக்கியது.

சட்டம் வீழ்ந்தது, சந்தேகம் வீழவில்லை. தகுதியிலும் பிறப்பே பெரிதாயிற்று. தமிழர் சேர்க்கை அருகியது. எல்லாளனை வென்ற மன்னனின் பெயரால் கெமுனு படைப்பிரிவு அமைக்கப்பட்டதும் அதே 1962இலேதான். இப்பெயரைத் தோளிலே தாங்கிப் பெருமிதங் கொள்ளுமாறு எந்தத் தமிழ் இளைஞனைக் கேட்க முடியும்?

சாதாரணச் சிப்பாயை நாம் பகைவனாகக் கருதவில்லை. அவன் பெரும்பாலும் தெற்கின் வறிய கமக்காரனின் மகன். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 15(8)ஆம் உறுப்புரை, ஒழுக்கத்தைப் பேணும் பொருட்டுப் படையினரின் அடிப்படை உரிமைகள் சிலவற்றைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்த இடமளிக்கின்றது. உரிமையைக் குறைத்தவர்க்குக் கடமை கூடுகின்றது. பேசமுடியாதவனுக்காகப் பேச வேண்டியவர் அவனுடைய ஆளணித் தலைவரே. சேவையை விட்டோடியோருக்கென 2024இலும் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க நேர்ந்தது. ஓடியவனை விசாரித்தால் மட்டும் போதுமா? அவன் ஏன் ஓடினான் என்று தலைவர்கள் தம்மையே விசாரிக்க வேண்டாமா?

அப்போது 200,783 ஆகவிருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட தொகை 2024 முடிவில் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்று 2023 சனவரியிலே அரசு அறிவித்தது. குறைப்பதை வரவேற்கின்றோம். ஆனால் எஞ்சப் போகின்றவர் யார், எவ்வளவினர் எம் மண்ணிலே நிற்பர் என்பதே எமது கேள்வி. தொகை குறைந்து குணம் மாறாவிடின், பெரிய சுமை சிறிய சுமையாகுமே தவிரச் சுமை சுமையே.

எனவே நாம் கேட்பவை மூன்று. ஆட்சேர்ப்பும் பதவியுயர்வும் இனவாரியாக ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். பாரதூரமான குற்றச்சாட்டுக்கு உள்ளானவன் சுயாதீன விசாரணை முடியும்வரை உயர்த்தப்படலாகாது. விலகுவோர்க்குக் குடிசார் தொழிற் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். 2009இன் பின் வடக்கிலே படையினர் பண்ணையும் கடையும் நடத்தியதை நாம் கண்டோம். வாள் பிடித்தவன் தராசு பிடித்தால் கமக்காரன் சந்தையை இழப்பான். படையோ தன் தொழிலையே இழக்கும்.

தமிழ் இளைஞரைப் படையிற் சேருமாறு அழைப்போர்க்கு ஒரு வார்த்தை. பறித்த காணியைத் திருப்பித் தாருங்கள். காணாமற் போனோரின் தாய்மார்க்கு விடை தாருங்கள். அதன் பின் அழையுங்கள். ஒரு நாட்டின் ஒரு பகுதி மக்கள் அஞ்சி ஒதுங்கும் படை எத்துணை வீரமுடையதாயினும் அந்நாட்டின் படை ஆகாது.