தெருவிளக்கு பல்புக்குக் கணக்கு உண்டு, 50,000 வீட்டுக்கு?



நம்ம ஊரப்பாக்கத்துல கிராமசபை கூடினா தெருவிளக்கு பல்புக்கு எவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவுன்னு ஊராட்சி வரவு செலவை மக்கள் முன்னாடி வைக்கணும். சந்தேகம்னா எழுந்து நின்னு கேட்கலாம். 2005-ல் வந்த 100 நாள் வேலைச் சட்டத்திலேயே சமூகத் தணிக்கையை எழுதி வெச்சாங்க.

இதே கேள்வியை ஈழத்தில் கட்டின வீடுகளுக்கும் கேட்போம்.

2009-ல் போர் முடிந்தது. தரைமட்டமான தமிழர் பகுதிகளுக்காக 2010-ல் இந்தியா 50,000 வீடுகளை அறிவித்தது. மதிப்பீடு 1,372 கோடி ரூபாய். நம்ம வரிப்பணம். கொடுத்தது தப்புன்னு சொல்லல, இன்னும் கொடுக்கணும். வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒப்பந்தக்காரரை விடாமல், குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டது நல்ல ஏற்பாடுதான்.

ஆனா வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய்தான். சிமெண்ட் விலை, மணல் விலை, கொத்தனார் கூலி எல்லாம் ஏறியது. தொகை ஏறல. கடன் வாங்கி கூரை போட்ட குடும்பங்கள் எத்தனை? பட்டியலில் விடுபட்ட கணவனை இழந்த பெண்கள் எத்தனை பேர்? டெல்லி சொல்லட்டும்.

அமெரிக்கா யோக்கியம்னு யாரும் சொல்லல. ஆனா ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புச் செலவைப் பார்க்க 2008-லேயே தனித் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைத்தார்கள். காலாண்டுக்கு ஒரு அறிக்கை, பொதுவெளியில். ஆராய்ந்த 6,300 கோடி டாலரில் சுமார் 1,900 கோடி வீணடிப்பிலும் மோசடியிலும் போச்சுன்னு 2020-ல் அந்த அலுவலகமே எழுதியது. திருட்டு நிற்கல. ஆனா எவ்வளவு போச்சுன்னு அந்த மக்களுக்குத் தெரியும்.

"சிஏஜி இருக்கே"ன்னு கமெண்ட்ல வருவாங்க. சிஏஜி எல்லா அமைச்சகத்துக்கும் பொது. வெளிநாட்டு மறுகட்டமைப்புக்கென்றே தனி அதிகாரத்தோடு, காலாண்டுக்கு ஒருமுறை மக்களிடம் அறிக்கை வைக்கும் அமைப்பு நம்மிடம் எங்கே இருக்கு?

அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். தட்டிக் கேட்க வேண்டிய வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதுக்கப்புறம் தேர்தலே நடத்தல!

நம்ம கோரிக்கை: தனி ஆய்வாளரை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நியமிக்கணும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு என ஒவ்வொரு மாவட்டத்திலும் கிராம வாரியாக எத்தனை வீடு, எவ்வளவு செலவு, எத்தனை வீடு பாதியில் நிக்குதுன்னு தமிழில் வெளியிடணும். நம்ம தொகுதி எம்.பி. இதை அடுத்த கூட்டத்தொடரில் கேட்கணும்.

– ஊரப்பாக்கம் கிளை, காட்டாங்கொளத்தூர் ஒன்றியம்

#கணக்கு_எங்கே